ஏழாவது போன்

புது வெர்ஷன் வந்துவிட்டது என்று அலுவலகத்தில் பேச்சு எழுந்தால், நான் என் போனை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்து வைத்துக்கொள்வேன். அன்றைக்கோ மறுநாளோ அவர் டீ அறையின் வாசலில் வந்து நின்று, "அண்ணா, உங்க போனக் கொஞ்சம் குடுங்க" என்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டுப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

அவரை நான் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். "மேடம் வேணாம்ணா, பேரச் சொல்லுங்க" என்று பல தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு வாய் வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

நாங்கள் இருந்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. கீழே முன்பு பிளாஸ்டிக் மூடி வார்க்கும் கம்பெனி இருந்தது. நான் அங்கே மெஷினில் நின்றவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த வேலையே பெரிதாக இருந்தது. கம்பெனி மூடியபோது கட்டடத்துக்காரர், "மேல கம்ப்யூட்டர் ஆபீஸ் வருது, டீ குடுக்க ஆள் கேக்கறாங்க" என்று என்னை மாடிக்கு அனுப்பினார்.

பிரேம்வொர்க் என்ற சொல்லை அங்கேதான் முதலில் கேட்டேன். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். வலைப்பக்கங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்வதில்லை. அதற்கு ஓர் அச்சு இருக்கிறது. எங்கேயோ சிலர் அந்த அச்சைச் செய்து ஊருக்கெல்லாம் கொடுக்கிறார்கள். இங்கே உள்ளவர்கள் அதில் தங்கள் பக்கங்களை வார்க்கிறார்கள். சில மாதத்துக்கு ஒரு தடவை அச்சைத் திருத்திப் புதிதாக விடுகிறார்கள். அதுதான் வெர்ஷன். பழையதில் வார்த்ததை எல்லாம் புதியதற்கு மாற்ற வேண்டும். யார் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறார்கள் என்பதில்தான் அங்கே மானமே இருந்தது.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் எல்லோருடைய பெயரும் இருக்கும். மாறியவர் தன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை மார்க்கரால் டிக் போட வேண்டும். காலையில் வெர்ஷன் வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு டிக் விழுந்திருக்கும். ஒரு வாரத்துக்குள் பலகை பாதி பச்சையாகிவிடும். கடைசியாக மாறுகிறவர் மொத்த அலுவலகத்துக்கும் சமோசா வாங்கித் தர வேண்டும். யார் தொடங்கிய வழக்கம் என்று தெரியாது. நான் இருந்த காலத்தில் சமோசா வாங்கியது ஒரே ஆள்தான்.

"அக்கா, இந்த வெர்ஷனுக்கு வர்றீங்களா, இல்ல அடுத்ததோட சேத்து வர்றீங்களா?" என்று ஒருவன் கேட்பான்.

"உடு மாமே, அக்கா வந்துட்டா நமக்கு சமோசா யார் தருவா?" என்பான் இன்னொருவன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "சூடா இருக்குடா, ஆறட்டும்" என்பார். டீக்கும் அதையேதான் சொல்வார். நான் வைத்த டீ ஆடை கட்டி, ஆறி, மேசையிலேயே இருக்கும். ஆறிய பிறகுதான் குடிப்பார். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. என் டீ பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான், சூடாக எதையுமே அவர் வாயில் வைப்பதில்லை என்று கவனித்தேன்.

நோன்பு மாதத்தில் அவர் மேசையைத் தாண்டும்போது தட்டை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, சுவரோரமாக நடப்பேன். ஒரு நாள் சிரித்துவிட்டார். "டீ வாசனைக்கெல்லாம் நோன்பு போயிடாதுண்ணா. நேரா நடங்க, கொட்டிக்கப் போறீங்க." அந்த மாதம் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி எடுத்துவந்து எனக்குக் கொடுப்பார். அவர் வீடு நசரத்பேட்டையில். அப்பாவும் அவரும் மட்டும். தினமும் பூந்தமல்லி வந்து பஸ் மாறி எஸ்டேட்டுக்கு வருவார்.

புது வெர்ஷன் வந்தால் அதோடு ஓர் அறிவிப்பும் வரும். மற்றவர்கள் அதைத் திரையில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இவர் மட்டும் தாளில் அச்செடுத்து, கடைசித் தாளிலிருந்து படிப்பார், பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே. ஏன் பின்னாலிருந்து படிக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

"முன்னாடி புதுசா என்னென்ன வந்திருக்குன்னு போட்டிருப்பாங்கண்ணா. அத ஆபீஸ்ல பத்து பேர் எனக்குச் சொல்லிடுவாங்க. எதையெல்லாம் எடுத்துட்டாங்கன்னு கடைசிலதான் இருக்கும். அத யாரும் சொல்ல மாட்டாங்க."

"எத மேடம் எடுப்பாங்க?"

"உங்க போன" என்று சிரித்தார். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, நேராகவே சொன்னார். பழைய போன்களில் பக்கத்தைத் திறந்து காட்டுகிற செயலியும் பழையதாகத்தான் இருக்கும். இத்தனாம் வருடத்துக்கு முந்தியதற்கு இனி நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு வரி அந்த அறிவிப்பில் எங்காவது ஒளிந்திருக்கும். புதிய அச்சில் வார்த்த பக்கம் அந்தப் போன்களில் திறக்காது. வெறும் வெள்ளையாக நிற்கும்.

அவருடைய மேசை இழுப்பறையில் ஆறு பழைய போன்கள் இருந்தன. பூந்தமல்லியில் கடை கடையாகத் தேடி வாங்கியவை. ஒன்றுக்குக் கண்ணாடி விரிசல், ஒன்று சார்ஜர் சொருகியிருந்தால்தான் உயிரோடு இருக்கும். மாறுவதற்கு முன் ஆறிலும் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். என்னுடையது ஏழாவது. "இந்த ஆறும் இழுப்பறையில தூங்குதுண்ணா. உங்களுதுதான் ஊர் சுத்துது" என்பார். ஒரு தடவை திருப்பிக் கொடுக்கும்போது, "இந்த காலை வணக்கம் படத்தையெல்லாம் அழிங்கண்ணா. போனுக்கு மூச்சு முட்டுது" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவரைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் சரியாக இருக்காது. ஒரு தடவை பழைய வெர்ஷனில் ஏதோ ஓட்டை இருந்தது. சீக்கிரம் மாறுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். இவர் ஆறட்டும் என்றே உட்கார்ந்திருந்தார். யாரோ அந்த ஓட்டை வழியாகப் புகுந்து இவருடைய பக்கத்தை அரை நாள் நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுச் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. வெளியே வந்து, "தப்பு என்னுதுதான்ணா. எதுக்குக் காத்திருக்கணும், எதுக்குக் கூடாதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல" என்றார். அன்றைக்கு இரண்டு டீ ஆறிப்போயின. ஒன்றையும் குடிக்கவில்லை.

அவர் பார்த்துக்கொண்ட பக்கம், பாடியில் உள்ள தொழிற்சாலைகளுக்குத் தினக்கூலி ஆட்களை அனுப்பும் ஒரு கான்ட்ராக்டருக்கானது. நாளைக்கு ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் இன்று மாலை ஐந்து மணிக்குள் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து 'வருகிறேன்' என்பதை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் கேட்டில் பெயர் இருக்கும். தொடர்ந்து ஆறு நாள் அழுத்தாவிட்டால் ஆள் வேலையை விட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டு, பெயர் தானாகவே பட்டியலிலிருந்து போய்விடும். திரும்பச் சேர்வது லேசில்லை. வெளியே எப்போதும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

என் மனைவியின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. பாடியில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. அவள் அழுத்துகிற பக்கம் நான் டீ கொடுக்கிற இடத்தில் செய்தது என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. மேடத்திடம் அதைச் சொன்னதில்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் லீவு போட்டார். அப்பாவுக்கு ஆபரேஷன், அடுத்த புதன்கிழமைதான் வருவார் என்றார்கள். அந்த வாரம்தான் பெரிய வெர்ஷன் ஒன்று வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பலகையில் அவர் பெயர் ஒன்றுதான் பாக்கி. டீம் லீடர் கெட்டவர் இல்லை. அக்கா ஆஸ்பத்திரியில் அலைகிறாரே, நாமே மாற்றிக் கொடுப்போம் என்று அவருடைய பக்கத்தையும் புது வெர்ஷனுக்கு மாற்றி, அவரே டிக் போட்டுவிட்டார். இவ்வளவு சீக்கிரம் பலகை முழுவதும் பச்சையானது அதுவே முதல் தடவை. கேக் வந்தது. நான்தான் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தேன்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னாயா இது, ஷிஃப்ட் பக்கம் வெள்ளையா கீது. மூணு மணிலேந்து தட்டிகினே கீறேன்."

நான் என் போனில் திறந்து பார்த்தேன். அதிலும் வெள்ளை.

அப்போது என் புத்தி எப்படிப் போனது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு போனும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒரே நாளில் வாங்கியதால் ஒரே நாளில் கெட்டுவிட்டன என்று நினைத்தேன். சனிக்கிழமை கடைக்காரரிடம் கொண்டுபோனேன். "இத இன்னும் வெச்சிகினு கீறியா, அண்ணாத்தே? தூக்கிப் போட்டு புதுசு வாங்கு" என்றார். அதுவும் சரி என்றுதான் பட்டது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் டீத் தட்டோடு டீம் லீடரின் மேசையைத் தாண்டித் தாண்டிப் போனேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர்கள் எல்லோரும் படித்தவர்கள். மாற்றிவிட்டு கேக் வெட்டியிருக்கிறார்கள். அதில் போய், ஐந்தாவது படித்தவன் என் போனில் தெரியவில்லை என்று சொன்னால், போனைப் பார்த்துச் சிரிப்பார்கள். டீயை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மனைவி 'வருகிறேன்' அழுத்தாமல் ஐந்து நாள் ஆகிவிட்டது.

புதன்கிழமை காலை மேடம் வந்தார். பலகையில் தன் பெயருக்கு எதிரே பச்சையைப் பார்த்தார். பையைக்கூட இறக்கவில்லை. நேராக டீ அறைக்கு வந்தார்.

"அண்ணா, போன் குடுங்க."

"போன் ரிப்பேர் மேடம்."

"என்ன ஆச்சு?"

"வேற ஒண்ணும் இல்ல. நம்ம பக்கம் மட்டும் வெள்ளையா தெரியுது. பழசாயிடுச்சு."

அவர் என்னையே பார்த்தார். "எப்போலேந்து?"

"வெள்ளிக்கிழமலேந்து."

"ஏன்ணா யாருகிட்டயும் சொல்லல?"

அவர் கை நீட்டிக்கொண்டே நின்றார். போனைக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான், "வீட்ல அதுல பேர் கீது மேடம். இன்னிக்கு ஆறாவது நாளு" என்று வாயில் வந்தது.

டீம் லீடரின் மேசையில் போனை வைத்தார். லீடர் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஒரே ஒரு போன். சர்வர்ல ஒரு எர்ரர் இல்ல. ஒரு கம்ப்ளெயிண்ட் வரல. நீங்களே பாருங்க" என்றார்.

மேடத்துக்குக் கோபம் வந்தால் பேச்சில் பூந்தமல்லி வழக்கு எட்டிப் பார்க்கும். "கம்ப்ளெயிண்ட் பட்டன் எங்க கீது?"

"அந்தப் பக்கத்துலயேதான், கீழ."

"பக்கமே வெள்ளையா கீதே. அப்பறம் பட்டன் எங்கேந்து வரும்?"

லீடர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மாறிட்டோம்னு கான்ட்ராக்டருக்கு மெயில் போயிடுச்சுக்கா. ஒரு ஆளுக்காகத் திரும்ப முடியாது. எத்தன பேருக்கு இப்டின்னு சொல்லுங்க, மேனேஜர்கிட்ட பேசறேன்" என்றார்.

"உங்க வீட்டுக்காரங்க வேலை செய்யற கேட் தெரியும்லண்ணா?" என்று மேடம் என்னிடம் கேட்டார். மதிய ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் பாடிக்குப் போனோம். டீ நேரத்தில் நான் அலுவலகத்தை விட்டு வெளியே போனது அதுதான் முதல் தடவை.

பெயர் இல்லாதவர்களும், யாராவது வராமல் போனால் உள்ளே விடுவார்கள் என்று கேட்டுக்கு எதிரே டீக்கடையில் வந்து நிற்பார்கள். என் மனைவியும் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

மேடம் பொதுவாகக் கேட்டார். "யாருக்காவது ஷிஃப்ட் பக்கம் தெரியாம இருக்கா?"

சிலர் போனை முந்தானைக்குள் மறைத்தார்கள். மேடம் என் போனை உயர்த்திக் காட்டினார். "இந்த மாதிரி வெள்ளையா?"

"என் போன் சரியில்ல மேடம், தண்ணில உழுந்துடுச்சு" என்றாள் ஒருத்தி.

"எனக்குப் புள்ளைங்க நோண்டி இன்னாவோ ஆயிடுச்சு."

"நான் ரீச்சார்ஜ் போடல, அதனாலன்னு நெனச்சேன்."

"ஏய், உனுக்கும் வெள்ளையா? நேத்து கேட்டதுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்ன?"

"நீ மட்டும் இன்னா, கல்யாணத்துக்குப் போறேன்னு சொன்ன? எங்க, சாப்பாடு எப்டி இருந்துச்சு?"

பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள் ஐந்து நாளாக ஒருவருக்கொருவர் மறைத்திருந்தார்கள். என்னைப் போலவே ஒவ்வொருவரும் தன் போனைத்தான் குற்றம் சொன்னார்கள். மேடம் டீக்கடை பெஞ்சைத் துடைத்துவிட்டு, எல்லோருடைய போனையும் பக்கத்தைத் திறந்து வரிசையாக வைக்கச் சொன்னார். பதினாலு போன். பதினாலும் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தன. அவர் தன் போனில் ஒரு படம் எடுத்தார்.

"தப்பு உங்க போன்ல இல்ல" என்றார். "எங்ககிட்ட. அஞ்சு மணிக்குள்ள திரும்பப் பாருங்க."

என் மனைவி என்னைத் தனியாக இழுத்தாள். "நீ டீ குடுக்கற எடத்துலதான் இது நடந்துகீது. அஞ்சு நாளா அங்கதான போய்கினு வந்த? வாயில இன்னா வெச்சினு இருந்த?"

திரும்பி வந்தபோது மணி மூன்றரை. லீடர் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு போனாகப் பார்த்தார். பிறகு எழுந்து மேனேஜரின் அறைக்குப் போனார். வெளியே வந்து, "பழசுக்கே போயிடலாம்க்கா. நானும் உக்கார்றேன்" என்றார். இருவரும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் டீ போடவும் இல்லை, போகவும் இல்லை. கையில் போனோடு நின்றேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மேடம் திரும்பாமலேயே, "அண்ணா?" என்பார். நான் அழுத்திப் பார்த்துவிட்டு, "வெள்ளைதான் மேடம்" என்பேன்.

ஐந்தாக இருபது நிமிடம் இருக்கும்போது அழுத்தினேன். மேலே நீலப் பட்டை வந்தது. அதன் கீழே எழுத்து வந்தது. 'வருகிறேன்' வந்தது. போனை அவர்கள் முன்னால் நீட்டினேன்.

"ஊட்டுக்கு போன் போடுங்கண்ணா, சீக்கிரம்" என்றார்.

போட்டேன். மறுமுனையில் மனைவி, "இரு, இரு" என்றாள். பிறகு, "அமுத்திட்டேன்" என்றாள். அவளுக்குப் பின்னால், வந்துச்சு வந்துச்சு என்று பல குரல்கள் கேட்டன.

பதினாலு பேரில் பத்துப் பேர் ஐந்துக்குள் அழுத்திவிட்டார்கள். மீதி நான்கு பேருக்காக மேடமே கான்ட்ராக்டரிடம் பேசினார். தப்பு எங்களுடையது என்று முதல் வார்த்தையாகச் சொன்னார். மூன்று பெயரைத் திரும்பப் போட்டார்கள். ஒரு பெண் மட்டும், இனி வராது என்று நினைத்து, டீக்கடையிலிருந்து நேராகவே குத்தம்பாக்கம் பக்கம் வேறு இடத்தில் சேரப் போய்விட்டாள். அவளுக்கு மேடம் இரண்டு நாள் போன் செய்து பார்த்தார். எடுக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை மாலையே மேடம் பலகைக்குப் போய்த் தன் பெயருக்கு எதிரே இருந்த பச்சையை விரலால் அழித்தார். பிறகு என்னிடம் வந்தார். "இப்பவும் நான்தான் கடைசி. சமோசா வாங்கினு வாங்கண்ணா. வெங்காயம். போன தடவ உருளக்கிழங்கு வாங்கிட்டீங்க, திட்டிகினே தின்னாங்க."

சமோசா தின்னும்போது யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். "இன்னாடா, உப்பு கம்மியா?" என்று அவரே ஆரம்பித்துவைத்தார்.

மூன்று மாதம் கழித்து அவரும் அந்த வெர்ஷனுக்கு மாறினார். பழைய போன்களுக்கென்று தனியாக ஏதோ எழுதிச் சேர்த்த பிறகு, ஏழு போனிலும் பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டார். அதற்கு முன்பே, புகார் சொல்ல ஒரு போன் எண்ணைத் தொழிற்சாலை கேட்டுகளில் எழுதி ஒட்டவைத்திருந்தார்.

பிறகு அலுவலகம் ஊரின் மறுகோடிக்கு, கடற்கரைப் பக்கம் போனது. ஒரே வாரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். அப்பாவை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய் வர முடியாது என்று இவர் மட்டும் வேலையை விட்டார். கடைசி நாளில் ஆறு போனையும் துணிப்பையில் போட்டுக்கொண்டார். டீ கொடுத்தேன். வழக்கம்போல ஆறவைத்துக் குடித்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்பதற்குள் படி இறங்கிவிட்டார். அதன் பிறகு பார்க்கவில்லை.

அதே மாடியில் இப்போது வேறு கம்பெனி. இவர்கள் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் போடுகிற பக்கம் செய்கிறார்கள். மனைவி புது போன் வாங்கிவிட்டாள். என்னையும் வாங்கச் சொல்கிறாள். நான் பழையதையே வைத்திருக்கிறேன்.

போன வாரம் கேக் வந்தது. எல்லாவற்றையும் புது வெர்ஷனுக்கு மாற்றியாகிவிட்டது என்றார்கள். கேக்கைக் கொடுத்து முடித்துவிட்டு மேனேஜரின் மேசைக்குப் போனேன். டீயை வைத்தேன். போகவில்லை.

"என்னண்ணா?"

"இதுல ஒரு தடவ தொறந்து பாருங்க சார்."

அவர் நான் நீட்டிய போனைப் பார்த்தார். "இது எந்தக் காலத்து போன்ணா?" பின்னால் யாரோ சிரித்தார்கள். "எல்லாரும் மாறிட்டாங்கண்ணா. நீங்களும் மாத்திடுங்க."

காது சூடானது. "கீழ கேட்ல நிக்கற வாட்ச்மேன்கிட்டயும் இதே போன்தான் சார்" என்றேன். "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்ககிட்டயும் இருக்கும்."

மேனேஜர் கையை நீட்டிப் போனை வாங்கினார். காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கம் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.